முழங்கால்

மண்டூர்த் துறையில் பாதை கரைதட்டும்போது
சைக்கிளோடு முதலில் இறங்குவான்
பெரியகல்லாற்றுப் பொனிப்பாஸ்.
கூடையில் சோற்றுப் பார்சல், இரண்டு வெங்காயம்.
வாயில் எப்போதும் ஒரு முறைப்பாடு:
பாதை பிந்திப்போச்சு, றோட்டில குழி, வெயில் சரியில்ல.
நல்லவன் என்று எழுதி ஒட்டிய முகமில்லை.
சாக்கு கிழிந்தால் கெட்ட வார்த்தை பேசுவான்,
மறுகா
அவசரமாகச் சிலுவை போட்டுக்கொள்வான்.

மாரிப்போகம் வெட்டி முடிகிற மாதம்.
எங்கள் ஸ்டோர் வாசலில் மிசின் மிசினாக நெல்.
தூக்குத் தராசில் மூட்டை கொளுவுவது அவன் வேலை.
முள்ளைப் பார்த்து எழுதுவது என் வேலை.

அவனுக்கு முன் அங்கே நின்ற எல்லோருக்கும்
ஒரு முழங்கால் இருந்தது.
மூட்டைக்கு அடியில், யாருக்கும் தெரியாமல்,
பூனை உரசுவதுபோல் அது மெல்ல முட்டுக்கொடுக்கும்.
முள் இரண்டு கிலோ பின்வாங்கும்.
நூறு மூட்டைக்கு இருநூறு கிலோ.
களவு என்று ஒருவரும் சொன்னதில்லை.
'தாங்கு' என்று
அதற்கு மரியாதையாகப் பெயர் வைத்திருந்தோம்.

முதல் நாளே முதலாளி கண்ணைக் காட்டினார்.
பொனிப்பாஸ் மூட்டையைக் கொளுவிவிட்டு
மூன்றடி தள்ளிப்போய் நின்றான்,
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.
"என்னகா, கால் நோவா?"
"கால் நல்லாத்தான் இருக்கு முதலாளி.
அதுக்கு ஞாயிற்றுக்கிழமை வேற வேலை இருக்கு."

அவ்வளவுதான்.
வேதம் சொல்லவில்லை, அன்றும், பிறகும்.
வெட்டுக் காலத்தில் வேறு ஆள் கிடையாது.
முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டார்.

தொல்லை எனக்குத்தான்.
முள் உள்ளபடி நின்றால்
நான் உள்ளபடி எழுதவேண்டுமே.
பேனையாலும் தாங்கலாம், தெரியுமா?
அறுபத்தாறில் முள் நிற்க
அறுபத்துநாலு என்று எழுதினேன், ஒரு கிழமை முழுக்க.
அவன் கண்டான்.
ஒன்றும் கேட்கவில்லை.
சாப்பாட்டு நேரம்
தன் வெங்காயத்தில் பாதியை வெட்டி
என் சோற்றில் வைத்தான்.
கண் எரிந்தது அந்த வெங்காயத்தால்தான் என்று
இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன்.

பழுகாமத்திலிருந்து பூரணலெச்சுமி வந்தாள்.
வெள்ளம் விட்டுவைத்த பதினொரு மூட்டை.
வீட்டிலேயே நிறுத்து,
ஒவ்வொரு சாக்கிலும் கரியால் இலக்கம் போட்டிருந்தாள்,
சண்டைக்கு ஆயத்தமாக.
முதல் மூட்டை. முள்ளும் கரியும் ஒன்று.
இரண்டாவதும் ஒன்று.
மூன்றாவதில் அவளுக்குச் சந்தேகம் பிடித்துவிட்டது.
"உங்கட தராசு பழுதோ?"

பொனிப்பாஸ் கொளுக்கியைப் பிடித்துத்
தானே தொங்கிக் காட்டினான்.
ஐம்பத்திரண்டு.
"தவக்காலத்தில ஒரு கிலோ இறங்கியிருக்கன்.
தராசு சரிதான் அக்கா."
அவள் சிரித்தாள்.
மிசின்காரன் சிரித்தான்.
நான் அன்று பதினொரு முறை
முள் சொன்னதை மட்டும் எழுதினேன்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து அவன் வரவில்லை.
கல்முனையில் ஏதோ ஹாட்வெயார் கடை என்றார்கள்.
முதலாளிதான் அனுப்பினாரோ, அவனாகத்தான் போனானோ,
நான் விசாரிக்கவில்லை.
விசாரித்திருக்கலாம்.

இன்று வெள்ளாப்பில் புதுப் பொடியன் ஒருவன்.
மூட்டை ஏறியது.
முழங்கால் போய் அடியில் குந்தியது, பழக்கப்பட்ட பூனை.
முள் பின்வாங்கியது.

"தம்பி, காலை எடு."

என் குரல்தான் அது.
மேசையில் இருந்த முதலாளி கிறுகிப் பார்த்தார்.
எனக்கு இரண்டு பிள்ளைகள், ஒரு லோன்.
நான் மண்டூர்க் கந்தனுக்குக் கர்ப்பூரம் கொளுத்துகிறவன்,
என் முழங்காலுக்கு
ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலையும் கிடையாது.

பொடியன் காலை எடுத்தான்.
முள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.
பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு
அது நிற்கும்வரை பார்த்திருக்கிறேன்.